நெருப்பு மட்டும் யப்பானுடையது



யப்பான் நாட்டின் தென்பகுதியிலே கியூஷூ என்னும் பெருந்தீவு உளது. அத்தீவின் தென்மேற்குப் புறத்தில், ககோஷிமா நகருக்கு அணித்தாக, மியாமா என்னும் சிற்றூர் ஒன்று இருக்கின்றது. மூங்கிற் புதர்களும் பழைய வேலிகளும் சூழ்ந்த அவ்வூரில் வாழ்பவருட் பலர் பல தலைமுறைகளாக மட்கலம் வனைந்தவர்களின் வழித்தோன்றல்கள். அங்கே இன்று தொழில் செய்துவரும் கலைஞருள் முதன்மையான ஒருவர் சின் ஜூகான் என்னும் பெயருடையவர். அப்பெயரைக் குறிக்கும் எழுத்துக்களைக் கொரிய நாட்டவர் சிம் சூ குவான் என்று வாசிப்பர். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அவருடைய வாழ்வும் அவ்வாறே இரு நாடுகளுக்கு இடையே அமைந்த ஒன்றாகும்.

இவர் சின் ஜூகான் குடியின் பதினைந்தாம் தலைமுறையினர். 1959ஆம் ஆண்டு பிறந்தார். யப்பானிற் பிறந்து, யப்பானிய மொழி பேசி, தோக்கியோவிலுள்ள வசேடா பல்கலைக் கழகத்திற் கற்றுப் பட்டம் பெற்றவர். எனினும் அவர் தாங்கிய பெயர் கொரியப் பெயர். அவர் முன்னோர் கொரியாவை நீங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. குடிபெயர்ந்த மக்கள் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் தம் பெயரையும் பேச்சையும் இழந்துவிடுதல் உலக வழக்கு. இக்குடி மட்டும் பதினைந்து தலைமுறையாகத் தன் பெயரை எவ்வாறு காத்தது? காத்தது அவர்தம் விருப்பமா, அன்றிப் பிறர் கட்டளையா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், ஒரு போரின் கதையும் ஒரு கைத்தொழிலின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலைக் காண்போம்.

முதலில், அக்கால யப்பானியர் மட்கலத்தை எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பதை அறிதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானியப் பிரபுக்களிடையே தேநீர்ச் சடங்கு மேலோங்கி நின்றது. 1591ஆம் ஆண்டு வரை வாழ்ந்த சென் நோ ரிக்கியூ என்னும் தேநீர் ஆசான், பொன்னும் மணியும் இழைத்த கலங்களை விலக்கி, எளிமையும் அடக்கமும் உள்ள கலங்களையே போற்றுமாறு கற்பித்தார். அக்கருத்துக்கு ஏற்ற கலங்கள் கொரியாவிலிருந்து வந்தன. சிறிது கோணியும், மெருகு ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும், கைவிரல் பட்ட தடம் மாறாமலும் இருந்த கொரியக் கிண்ணங்களை யப்பானியப் பிரபுக்கள் அரும்பொருளாகக் கொண்டனர். அத்தகைய கிண்ணங்களுள் புகழ்பெற்ற ‘கிசயேமொன் இதோ’ என்பது இன்று கியோத்தோ நகரத்து டைத்தோக்கு ஜி கோயிலைச் சார்ந்த கோஹோ ஆன் என்னும் சிறு கோயிலிலே நாட்டின் தேசியச் செல்வமாகப் பேணப்படுகின்றது. 1931ஆம் ஆண்டு அதனைக் கையில் ஏந்திப் பார்த்த யனாகி சோயெத்சு என்னும் அறிஞர், அது ஏழை உழவன் சோறுண்ட கிண்ணமே என்று கருதினார். எளியோர் வீட்டுக் கலம் அயல்நாட்டிலே பிரபுக்களின் கருவூலத்தை அடைந்தது. போரில் வென்ற தளபதிக்கு நிலத்தை ஈவதற்கு ஈடாக ஒரு தேநீர்க் கலத்தை ஈந்த காலம் அது.

இந்நிலையிலேதான் 1592ஆம் ஆண்டு தொயோதோமி ஹிதெயோஷி கொரியா மீது படையெடுத்தான். யப்பான் முழுவதையும் தன் ஆணைக்குக் கீழ்ப்படுத்திய அவன், சீனத்தையும் வெல்ல எண்ணி, அதற்கு வழியாகக் கொரியாவைக் கைப்பற்ற முற்பட்டான். ஆறாண்டுகளாக இடைவிட்டு நடந்த அப்போரிற் கொரியா பட்ட துயர் சொல்லுந்தரத்ததன்று. நகரங்கள் எரிந்தன, விளைநிலங்கள் பாழாயின, பல்லாயிரம் மக்கள் சிறைப்பட்டனர். படையுடன் சென்ற கெய்னென் என்னும் பௌத்த துறவி ஒருவர் 1597ஆம் ஆண்டு தாம் கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஆடவரும் பெண்டிரும் முதியோரும் இளையோரும் கழுத்திற் கயிறு பூட்டி வரிசையாக ஓட்டிச் செல்லப்பட்டதையும், அவர்களை விலைக்கு வாங்கும் வணிகர் படையின் பின்னே திரிந்ததையும் அவர் மனம் நொந்து கூறுகின்றார். வெற்றி பெற்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவரே எழுதிய சான்று ஆகையால் அதற்கு மதிப்பு அதிகம்.

சிறைப்பட்டோருள் கைவினைஞர் தனியே தெரிந்தெடுக்கப்பட்டனர். திறமையுள்ள தொழிலாளர் அகப்பட்டால் அவர்களை அனுப்பி வைக்குமாறு ஹிதெயோஷியே தன் தளபதிகளுக்கு எழுதியிருந்தான். கியூஷூவிலும் அதனை அடுத்த நாட்டிலும் ஆண்ட பிரபுக்கள் பலர் போர்முனையிலிருந்து மீண்டபோது தத்தம் கப்பல்களிற் குயவரையும் ஏற்றி வந்தனர். நபெஷிமா பிரபுவின் நாட்டில் அரித்தா என்னும் ஊர் எழுந்தது. யப்பானின் முதற் பீங்கான் அங்கே பிறந்தது. அதற்குத் தந்தை என்று போற்றப்படும் யி சம் பியோங் ஒரு கொரியர். மோரி பிரபுவின் நாட்டில் ஹகிக் கலங்களைத் தொடங்கியவரும் கொரியச் சகோதரர் இருவரே. குரோடா பிரபுவின் தக்கதோரி, ஹொசோக்காவா பிரபுவின் அகனோ ஆகியனவும் அவ்வாறு தோன்றியனவே. இன்று யப்பானின் பெருமைக்குரியனவாகப் பேசப்படும் மட்கல மரபுகளுட் பல ஒரே போரின் விளைவுகளாம். இதனாற் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் இப்போரை ‘மட்கலப் போர்’ என்றும் அழைத்தனர்.

சத்சுமா நாட்டை ஆண்டது ஷிமாசு குடி. அக்குடியைச் சேர்ந்த ஷிமாசு யொஷிஹிரோ போரிற் பெயர் பெற்ற தளபதி. தேநீர்ச் சடங்கிலும் பற்று மிக்கவன். 1597ஆம் ஆண்டு தென்கொரியப் பகுதியிலுள்ள நம்வொன் என்னும் கோட்டை நகரம் வீழ்ந்தபோது அவன் படையும் அங்கே இருந்தது. அடுத்த ஆண்டு ஹிதெயோஷி இறக்கவே, யப்பானியப் படைகள் கொரியாவை விட்டு நீங்கின. யொஷிஹிரோவின் கப்பல்கள் ஏறக்குறைய எண்பது கொரியரைச் சுமந்து வந்தன. அவர்களுள் ஒருவர் சிம் டங் கில். இவரே சின் ஜூகான் குடியின் முதல்வர்.

கப்பல்கள் ஒரே துறையில் வந்து சேரவில்லை. ஒரு பகுதியினர் குஷிகினோ என்னும் கரையிற் குளிர்காலத்தில் இறங்கினர். அவர்களை வரவேற்பார் எவருமில்லை. சத்சுமா நாட்டின் நிலையும் அப்போது கலங்கியிருந்தது. 1600ஆம் ஆண்டு செகிகஹாரா என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரில் யொஷிஹிரோ தோற்ற பக்கத்தில் நின்று, உயிர் தப்பி ஊர் மீண்டான். தன் நாட்டைக் காக்கும் கவலையில் இருந்த பிரபுவுக்குக் குயவரை நினைக்க நேரமேது? கைவிடப்பட்ட அம்மக்கள் கிடைத்த மண்ணைக் கொண்டு எளிய பானைகளை வனைந்து விற்று வயிறு வளர்த்தனர். உள்ளூராரின் பகையும் அவர்களைத் துன்புறுத்தியது. சில ஆண்டுகளின் பின் அவ்விடத்தை விட்டு, நயெஷிரோகாவா என்னும் உட்பகுதிக்குச் சென்று குடியேறினர். அந்த நயெஷிரோகாவாவே இன்றைய மியாமா. அங்குள்ள மேடுகள் தம் சொந்த ஊராகிய நம்வொன் மலைகளை ஒத்திருந்தமையால் அவ்விடத்தை விரும்பினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி.

முதல் தலைமுறையினர் செய்த தேநீர்க் கிண்ணங்களுக்கு யப்பானியர் ‘ஹிபக்கரி’ என்று பெயரிட்டனர். ‘நெருப்பு மட்டும்’ என்பது அதன் பொருள். மண் கொரியாவிலிருந்து கொண்டு வந்தது. மேற்பூச்சுக்குரிய பொருளும் கொரியாவினது. வனைந்த கையும் கொரியக் கை. யப்பான் அளித்தது சூளையில் எரிந்த நெருப்பு மட்டுமே. பெயரிட்டவர்கள் அதனைக் கலத்தின் அருமையைப் புகழும் சொல்லாகவே கருதினர். ஆனால் வனைந்தவரின் நிலையில் நின்று எண்ணுவோமாயின், அச்சொல் வேறொரு பொருளைத் தருகின்றது. கப்பலிற் கொண்டுவந்த மண் ஒரு நாள் தீர்ந்துவிடும். பின்னர் அயல்நாட்டு மண்ணையே பிசைதல் வேண்டும். கடைசிப் பிடி மண்ணைச் சக்கரத்தில் இட்ட நாளிலேதான் தாம் இனி ஊர் மீளப் போவதில்லை என்பதை அம்மக்கள் முற்றாக உணர்ந்திருப்பர். முதல்வர் சிம் டங் கில் செய்ததெனப்படும் ஹிபக்கரிக் கிண்ணமும், அவர் தலையில் அணிந்திருந்த குதிரைமயிர்ப் பட்டையும் இன்றும் அக்குடியினரின் காட்சிச்சாலையில் உள்ளன.

புதிய மண்ணைத் தேடும் பணி தொடங்கிற்று. குயவருக்குத் தலைவராக இருந்த பாக் பியோங் உய் என்பவர் சத்சுமா நாட்டின் மலைகளையும் ஆற்றங்கரைகளையும் ஆராய்ந்து வெண்மையான களிமண்ணைக் கண்டார். அதிலிருந்து வெள்ளைச் சத்சுமாக் கலம் பிறந்தது. இது பீங்கானன்று. பாலேடு போன்ற நிறமுடைய மட்கலம். அதன் மேலுள்ள கண்ணாடி போன்ற மெருகிலே மயிரிழை போன்ற வெடிப்புக்கள் வலைபோற் படர்ந்திருக்கும். மண்ணும் மெருகும் சூளையிலிருந்து வெளிவந்து குளிரும்போது ஒரே அளவாகச் சுருங்காமையால் அவ்வெடிப்பு உண்டாகின்றது. குறை எனக் கொள்ளத்தக்க அதனையே அழகாக மாற்றிக்கொண்டனர். வெள்ளைக் கலம் பிரபுவின் அரண்மனைக்கே உரியது. பொதுமக்களுக்கு ஆனது கருஞ்சத்சுமா. இரும்புச் சத்து மிகுந்த மண்ணாற் செய்த பெருஞ்சாடிகள், உரல்கள், மதுவைச் சூடாக்கும் கெண்டிகள் ஆகியன கருஞ்சத்சுமா வகையின. சாடியின் சுவரை மண் திரிகளால் எழுப்பி, உள்ளே ஒரு தாங்கியை வைத்து வெளியே பலகையால் தட்டி மெல்லியதாக்குவது கொரிய முறை. மலைச்சரிவில் நீண்டு ஏறும் சூளையும் அவர்கள் கொண்டு வந்ததே. சாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவை ஒட்டாதிருக்க இடையே சிப்பிகளை வைத்தனர். அச்சிப்பிகளின் தடம் பழைய சாடிகளின் விளிம்பில் இன்றும் காணப்படுகின்றது.

இனி, பெயர் காத்த கதைக்கு வருவோம். சத்சுமாப் பிரபுக்கள் இக்குயவரைப் போர்வீரர் வகுப்பை ஒட்டிய மதிப்புடன் நடத்தினர். வீடும் நிலமும் அளித்தனர். பிறர் அவர்களைத் துன்புறுத்தாவண்ணம் காத்தனர். அதே வேளையில் கடுமையான கட்டுப்பாடுகளையும் விதித்தனர். அவர்கள் யப்பானியப் பெயரைச் சூடலாகாது. கொரிய உடையையும் மொழியையும் கைவிடலாகாது. ஊருக்கு வெளியே மணத்தொடர்பு கொள்ளலாகாது. பிரபு அவ்வழியே செல்லும்போது கொரிய உடையுடன் நின்று கொரியக் கூத்து ஆடிக் காட்டுதல் வேண்டும். ஒரு நாட்டு மக்களைத் தன் நாட்டினுள்ளே அயலவராகவே வைத்திருப்பது பிரபுவின் பெருமைக்கு அணியாயிற்று. தொழில் நுட்பம் வெளியே செல்லாது அடைத்து வைப்பதற்கும் அது உதவிற்று. இன்னுமொரு பயனும் இருந்தது. புயலால் ஒதுக்கப்படும் கொரியக் கப்பல்களில் வருவாரோடு பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டனர். அவர்களை இவ்வூரே அளித்தது.

ஆகவே பெயர் காத்தது மக்கள் விருப்பமா, பிறர் கட்டளையா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. கட்டளை இருந்தது உண்மை. ஆயினும் கட்டளையால் உடையைக் காக்கலாம், உள்ளத்தை ஆக்கலாகாது. நயெஷிரோகாவா மக்கள் ஊரின் மேட்டிலே தமக்கெனக் கோயில் எடுத்து, கொரியரின் ஆதி முதல்வன் எனப்படும் டன்குனை வழிபட்டனர். அங்கே கொரியப் பாடலைப் பாடினர். பாடலின் பொருள் மறந்த தலைமுறைகளும் அதன் ஒலியை மறக்கவில்லை. சுக்கியாங் என்னும் பெண்ணின் கதையைக் கூறும் கொரிய நவீனத்தைக் கையாற் படியெடுத்து வாசித்தனர். அப்படியும், அவர்கள் பயன்படுத்திய மொழிப் பயிற்சி நூல்களும் இன்று கியோத்தோப் பல்கலைக் கழகத்தில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சிபானா நன்கெய் என்னும் மருத்துவர் நாடு சுற்றி வருகையில் இவ்வூருக்கும் வந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழிந்த பின்னரும் இங்குள்ளார் தம் முன்னோர் நாட்டை மறக்க இயலாது என்று தம்மிடம் கூறியதை வியப்புடன் தம் பயண நூலிற் குறித்துள்ளார்.

மறவாதவர்கள் ஏன் மீளவில்லை என்று கேட்கலாம். போரின் பின் 1607ஆம் ஆண்டு முதலாகக் கொரிய அரசன் யப்பானுக்குத் தூதுக்குழுக்களை அனுப்பினான். சிறைப்பட்டோரை மீட்பது அக்குழுக்களின் முதல் நோக்கம். ஆனால் மீண்டவர் சில ஆயிரவரே. குயவரோ மிகச் சிலர். பிரபுக்கள் தம் கைவினைஞரை விட மனங்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அது கசப்பானது. சிறைப்பட்டவருட் காங் ஹாங் என்னும் கல்விமான் 1600ஆம் ஆண்டு நாடு மீண்டு, தம் அனுபவங்களை நூலாக எழுதினார். அவருக்குத் தம் நாட்டிலே கல்வியும் குடிப்பிறப்பும் தந்த மதிப்பு இருந்தது. குயவனுக்கு அங்கே மதிப்பில்லை. கொரியச் சமுதாயத்திற் கைவினைஞர் தாழ்ந்தோராக எண்ணப்பட்டனர். தந்தை செய்த தொழிலை மகன் செய்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. செய்தவன் பெயரைக் கலத்தில் எழுதும் வழக்கம் இல்லை. தம்மைப் பற்றி வந்த அயலான் மதித்தான். பெற்ற நாடு மதிக்கவில்லை. இதனால் யப்பானியர் செய்த கொடுமை நீங்கிவிடாது. ஆயினும் தன் தொழிலாளரை மதியாத நாடு எதனை இழக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டா. போரின் பின் கொரியாவில் மட்கலத் தொழில் தளர்ந்தது. ஏற்கெனவே நலிந்து வந்த புன்சியோங் என்னும் அழகிய கலவகை அடியோடு மறைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைச் சடங்குகளுக்கு வேண்டிய நீலச் சித்திரச் சாடிகளும் கிடையாமல், வெறுஞ்சாடியில் அப்போதைக்கு நாக வடிவம் தீட்டி வைக்கும் நிலை உண்டாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பான் பெருமாற்றம் அடைந்தது. 1871ஆம் ஆண்டு பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. நயெஷிரோகாவாவின் காவலும் கட்டுப்பாடும் ஒருசேர நீங்கின. மானியம் நின்றது, பிரபுவின் சூளைக்கு உரியவர் இல்லாது போயினர். அந்நேரத்தில் தொழிலைத் தாங்கி நின்றவர் அக்குடியின் பன்னிரண்டாம் தலைமுறையினர். 1873ஆம் ஆண்டு வியன்னா நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியில் அவர் வனைந்த இரு பெருஞ்சாடிகள் ஐரோப்பியரின் வியப்பைப் பெற்றன. ‘சத்சுமா’ என்னும் சொல் மேல்நாடுகளில் யப்பானிய மட்கலத்துக்கே பொதுப் பெயர் ஆயிற்று. அவர் பெயரே ஜூகான். அவருக்குப் பின் வந்த தலைவர் அனைவரும் அப்பெயரையே பட்டப்பெயராகத் தாங்கினர்.

அவர் வளர்த்த தனிக்கலை ஊடுதுளை வேலை. சக்கரத்தில் வனைந்த கலம் முற்றாக உலராமல், கத்தி பட்டால் உதிராத பதத்தில் இருக்கும்போது, அதன் சுவரைச் சிறு கத்திகளாலும் மூங்கில் ஊசிகளாலும் துளைத்து, பிரம்புக் கூடை பின்னியது போலவும் தேன்கூடு போலவும் ஆக்குவர். ஈரம் மிகுந்தால் கலம் தொய்யும், குறைந்தால் வெடிக்கும். ஆகையால் துளைத்து முடியும்வரை ஈரத்தைக் காத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்று பிசகினும் உழைப்பு வீண். பிசகாதபோதும் சூளையிற் சுருங்கும்போது இழை அறுந்துபோவது உண்டு. மெருகிட்டுச் சுட்டபின், வண்ணமும் பொன்னும் தீட்டி மீண்டும் மீண்டும் சுடுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் கலம் அழியக்கூடிய ஆபத்துண்டு.

புதிய யப்பான் குயவருக்குப் புகழைக் கொடுத்தது; மதிப்பைப் பறித்தது. புதிய குடிப்பதிவேட்டில் அவர்கள் வீரர் வகுப்பிற் சேர்க்கப்படாமல் பொதுக்குடியாகப் பதியப்பட்டனர். விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. முன்பு அயலவராய் இருத்தல் சிறப்பாக இருந்தது. இப்போது அதுவே இழிவாயிற்று. பலர் யப்பானியப் பெயர்களைத் தேடிக்கொண்டனர். பாக் குடியைச் சேர்ந்த ஒரு தந்தை 1886ஆம் ஆண்டு தோகோ என்னும் வீரர் குடிப்பெயரை விலைகொடுத்துப் பெற்றார். 1882ஆம் ஆண்டு பிறந்த அவர் மகனே தோகோ ஷிகெனோரி. 1941ஆம் ஆண்டு பசிபிக் போர் தொடங்கியபோதும், 1945ஆம் ஆண்டு அது முடிந்தபோதும் யப்பானின் வெளிநாட்டமைச்சராக இருந்தவர் அவரே. சரணடைந்து போரை முடிக்க வேண்டும் என்று அமைச்சரவையில் உறுதியாக வாதாடியவர். போர்க்குற்ற மன்றம் அளித்த தண்டனையை அனுபவிக்கையில் 1950ஆம் ஆண்டு மறைந்தார். சின் ஜூகான் குடியினரும் அரசின் பதிவேட்டில் ஒசாக்கோ என்னும் யப்பானியப் பெயரைக் கொண்டனர். ஆனால் சூளைக்குரிய பெயராகச் சின் ஜூகான் நிலைத்தது. இங்கே வரலாறு ஒரு முரணைக் காட்டுகின்றது. சத்சுமாப் பிரபு கொரியர் யப்பானியப் பெயர் சூடலாகாது என்று தடுத்தான். 1910ஆம் ஆண்டு கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இணைத்த யப்பானிய அரசு, 1940ஆம் ஆண்டு கொரியர் யப்பானியப் பெயர் சூடவேண்டும் என்று வற்புறுத்தியது. இரண்டிலும் பெயரைத் தெரியும் உரிமை பெயருக்குரியவனிடம் இல்லை.

பதினான்காம் சின் ஜூகான் 1926ஆம் ஆண்டு பிறந்தவர். கொரியா அடிமைப்பட்டிருந்த காலத்தில், அடிமைப்படுத்திய நாட்டிலே கொரியப் பெயருடைய வீட்டில் வளர்ந்த சிறுவன் பள்ளியிலே என்ன பட்டிருப்பான் என்பதைக் கூற வேண்டியதில்லை. அவரும் அடியும் ஏச்சும் பட்டார். 1964ஆம் ஆண்டு தந்தைக்குப் பின் குடித்தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டு யப்பானும் கொரியக் குடியரசும் மீண்டும் அரசுறவு கொண்டன. 1960களின் நடுப்பகுதியிலே அவர் முன்னோர் நாட்டுக்குச் சென்று, சியோல் தேசியப் பல்கலைக் கழக மாணவர் முன் உரையாற்றினார். யப்பானிய ஆட்சியின் முப்பத்தாறு ஆண்டுக் கொடுமை பற்றி அங்கே எங்கும் பேச்சாக இருந்தது. அச்சினத்தின் நியாயத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் நீங்கள் முப்பத்தாறு ஆண்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்களாயின், நான் முந்நூற்றெழுபது ஆண்டுகளைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்ற கருத்துப்பட எடுத்துரைத்தார். மாணவர் வாளா இருந்தனர். பின்னர்ப் பாட்டிசைத்து அவரை வாழ்த்தினர் என்பர். ஷிபா ரியோதாரோ என்னும் எழுத்தாளர் அவர் கதையை 1968ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டதனால், இச்சிற்றூரின் வரலாறு யப்பான் முழுவதும் பரவிற்று.

1998ஆம் ஆண்டு, முன்னோர் வந்திறங்கி நானூறு ஆண்டு நிறைந்தது. அவ்வாண்டிற் சியோல் நகரில் அக்குடியின் பல தலைமுறைக் கலங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம்வொன் நகரில் நெருப்பு மூட்டி, அதனைக் கடல்வழியே கொண்டுவந்து மியாமாவில் ஏற்றினர். முதல் தலைமுறையில் மண்ணும் கையும் கொரியாவுக்குரியன; நெருப்பு மட்டும் யப்பானுடையது. நானூறு ஆண்டுகளின் பின் மண்ணும் கையும் யப்பானுக்குரியன. நெருப்பு மட்டும் கொரியாவினது. பழைய பெயரைத் தலைகீழாகத் திருப்பி அமைத்த இச்சடங்கிலே பழியும் இல்லை, மறதியும் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டாகிய 1999இலே, தந்தை உயிரோடிருக்கும்போதே, மைந்தர் பதினைந்தாம் சின் ஜூகான் ஆனார். பதினான்காமவர் 2019ஆம் ஆண்டு காலமானார். பதினைந்தாமவர் பெற்ற பயிற்சி கவனிக்கத்தக்கது. வசேடாவிற் கற்றபின் கியோத்தோவில் மட்கலத் தொழில் பயின்றார். இத்தாலியில் மட்கலத்துக்குப் பெயர் பெற்ற ஃபயென்சா நகரத்துக் கலைக்கல்லூரியில் 1988ஆம் ஆண்டு கல்வியை முடித்தார். அதன்பின், 1990ஆம் ஆண்டு அவர் சென்ற இடம் கொரியாவில் ஒங்கி செய்யும் தொழிற்களம். ஒங்கி என்பது கொரிய இல்லங்களிலே கிம்ச்சி என்னும் காய்கறிப் புளிப்பும், சோயா அவரைக் கூழும் ஊறவைக்கும் பெருஞ்சாடி. அதிற் பொன்வேலையில்லை, வண்ணமில்லை. சாம்பலும் மண்ணும் கலந்த பழுப்பு மெருகு மட்டுமே உண்டு. சுவரிலுள்ள நுண்துளைகளால் காற்றுச் சிறிது சென்று வருதலால் உள்ளிருப்பது கெடாமற் பதமாகும் என்பர்.

பிரபுக்களின் வெள்ளைக் கலத்துக்கும் உலகப் பொருட்காட்சிச் சாடிகளுக்கும் உரிமையாளரான ஒருவர், முன்னோர் நாட்டுக்குச் சென்று கற்றது அரண்மனைக் கலையையன்று. பெண்கள் முற்றத்தில் வரிசையாக வைக்கும் ஊறுகாய்ச் சாடியையே கற்றார். இதிற் பெருங்கருத்து உளது. வெள்ளைச் சத்சுமாவை இனிக் கொரியாவிற் கற்க இயலாது; அது கொரியக் கைகள் யப்பானிய மண்ணிற் படைத்த புதுப்பொருள். ஆனால் மண் திரியால் எழுப்பித் தட்டி மெலிதாக்கும் முறை ஒங்கியிலே அறாது தொடர்ந்து வந்தது. போர் அரசனின் சாடியைக் குலைத்தது. ஏழையின் சாடியைக் குலைக்க இயலவில்லை. கருஞ்சத்சுமாச் சாடிக்கும் கொரிய முற்றத்து ஒங்கிக்கும் உள்ள உறவு, எழுத்திலன்றிக் கையிலே காக்கப்பட்ட உறவாகும்.

இன்று அவர் சூளையில் ஊடுதுளை வேலைப்பாடுள்ள தூபக்கலங்களும் கிண்ணங்களும் செய்யப்படுகின்றன. நாள்தோறும் பயன்படும் கரிய கலங்களும் செய்யப்படுகின்றன. இவை கொரியக் கலையா, யப்பானியக் கலையா என்று இரு நாட்டாரும் வினவுவதுண்டு. கொரியர் சிலர் இதனைத் தம் இழந்த செல்வமாகக் கொள்வர். யப்பானியர் சிலர் தம் நாட்டுப் பண்டைக் கலையாகக் கொள்வர். மண்ணைக் கொண்டு தீர்ப்பதாயின் யப்பானியம். முறையைக் கொண்டு தீர்ப்பதாயின் கொரியம். துளை வேலையும் வண்ணமும் இரண்டும் கலந்த இடத்திலே பிறந்தவை. இவ்வழக்கைத் தீர்த்து வைப்பது நம் பணியன்று. அவ்வாறு தீர்க்க முனைவது, பதினைந்து தலைமுறைகளின் உழைப்பை ஒரு நாட்டின் கணக்கில் எழுதி மற்றொரு நாட்டின் கணக்கில் அழிப்பதாகவே முடியும்.

வரலாறு பெரும்பாலும் வென்றாரையும் தோற்றாரையும் பற்றியே பேசும். ஹிதெயோஷி கொரியாவில் ஓர் அடி நிலத்தையும் நிலையாகப் பெறவில்லை. அவனுடைய குடியும் இரு தலைமுறையில் அழிந்தது. ஷிமாசு பிரபுக்களின் ஆட்சியும் மறைந்தது. கயிற்றாற் கட்டிக் கொண்டுவரப்பட்டாருள் ஒருவராகிய சிம் டங் கில்லின் தொழில் மட்டும் இன்றும் நடைபெறுகின்றது. அத்தொழிலைக் காத்தவர் கட்டளையாலும் காத்தனர், பற்றாலும் காத்தனர், சில காலங்களில் வேறு வழியின்மையாலும் காத்தனர். எவ்வாறாயினும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் முந்தினவரிடமிருந்து கற்று, அடுத்தவருக்குக் கற்பித்தார். அது நின்றிருந்தால் பெயர் மட்டும் எஞ்சிப் பயனில்லை. மியாமாவின் மலைச்சரிவிலே சூளை மூட்டப்படும் ஒவ்வொரு முறையும் அத்தொடர்ச்சி இன்னும் ஒரு நாள் நீள்கின்றது.